பழைய டெஸ்க்டாப்புக்கு கிராபிக்ஸ் கார்டு: ஐந்து வழிகளில் எது உங்களுக்கு?

“இருபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன், எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?” மாதத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: உங்கள் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்ன, பிராசசர் என்ன, மானிட்டர் என்ன? பாதிப் பேர் கேபினட்டைத் திறந்தே பார்த்ததில்லை. திறக்காமல் கார்டு வாங்கியவர்கள், அப்புறம் இன்னொரு எட்டாயிரம் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்ததை நிறையப் பார்த்துவிட்டேன். பலருக்கு அது வருடக்கணக்கில் சேர்த்த காசு. அது வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இது யாருக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஐந்திலிருந்து பத்து வருடம் ஆன டெஸ்க்டாப் இருக்கிறது. இன்டெல் என்றால் 6ஆம் தலைமுறையிலிருந்து 10ஆம் தலைமுறைக்குள் ஒரு ஐ3 அல்லது ஐ5, ஏஎம்டி என்றால் முதல் மூன்று தலைமுறை ரைசன். ரேம் 8 அல்லது 16 ஜிபி, 1080பி மானிட்டர், கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ். கேம் ஆட வேண்டும், அல்லது வீடியோ எடிட்டிங், பிளெண்டர் (3டி படம் செய்யும் மென்பொருள்) மாதிரி ஏதாவது வேலை பழக வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கான ஒப்பீடு இது.

## கார்டைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

எஸ்எம்பிஎஸ். எல்லாவற்றுக்கும் முதலில் இதுதான். மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் 75 வாட் வரைதான் மின்சாரம் தரும். அதற்கு மேல் வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும்: 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட் கூடுதலாகத் தரும். கேபினட்டோடு வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்களில் 450 வாட் என்று ஒட்டியிருந்தாலும் பலவற்றில் இந்த ஒயரே இருக்காது. ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் பிராசசருக்கும் கார்டுக்கும் கிடைக்கக்கூடிய வாட். 450 என்று பெயர் வைத்துக்கொண்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், உண்மையில் இருப்பது 216 வாட்தான்.

ஒயர் இல்லாத இடத்தில் ஹார்டு டிஸ்க் இணைப்பை 8 பின்னாக மாற்றும் ஒரு அடாப்டரைச் சிலர் கொடுப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த மெல்லிய ஒயரில் அவ்வளவு மின்சாரம் போனால் பிளாஸ்டிக் உருகும். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் அப்படித்தான் மதர்போர்டும் சேர்ந்து போனது.

பிராசசர். கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கான கணக்கையும் பிராசசர் முதலில் முடித்துக் கொடுக்க வேண்டும். கோர் என்பது பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் அது நடத்தும் வேலை வரிசை. 6, 7ஆம் தலைமுறை ஐ5களில் நான்கு கோர், நான்கு த்ரெட்தான். 8, 9ஆம் தலைமுறை ஐ5களில் ஆறு கோர் ஆறு த்ரெட். 10ஆம் தலைமுறையில்தான் ஆறு கோரோடு பன்னிரண்டு த்ரெட் வந்தது. என்னிடம் வெகுநாள் ஓடியது 4ஆம் தலைமுறை ஐ5. அதில் ஒரு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரைப் போட்டபோது சராசரி எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்) நன்றாகவே வந்தது. ஆனால் பெரிய நகரம் உள்ள கேம்களில் வண்டி ஓட்டினால் இரண்டு வினாடிக்கு ஒருமுறை வெட்டி வெட்டி நின்றது. கார்டில் கோளாறு என்று ஒரு வாரம் அலைந்தேன். கடைசியில் அதே மதர்போர்டில் பழைய ஐ7 ஒன்றை, அதாவது நான்கு கோர் எட்டு த்ரெட் உள்ளதை, மாற்றிய அன்றே வெட்டு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இப்போதே ஏதோ ஒரு கார்டு வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கேமின் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கி, எல்லா செட்டிங்கையும் ‘லோ’வில் வையுங்கள். எஃப்பிஎஸ் ஏறாமல் நின்று, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பயன்பாடு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அந்த எண்தான் உங்கள் பிராசசரின் உச்சம். எந்த கார்டு வாங்கினாலும் அந்த கேமில் அதற்கு மேல் பெரிதாகப் போகாது.

மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வினாடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. 140 எஃப்பிஎஸ் தரும் கார்டை அதோடு இணைத்தால் பாதிக்கு மேல் கண்ணில் படாமலே போகும். இன்னொன்று: விஜிஏ ஒயர் மட்டும் உள்ள பழைய மானிட்டர்கள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. இப்போது வரும் கார்டுகளில் விஜிஏ கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் தேவைப்படும்.

விரேம். கார்டிலேயே இருக்கும் மெமரி. 1080பிக்கே இன்றைய பெரிய கேம்களில் 4 ஜிபி போதவில்லை. 6 ஜிபியில் டெக்ஸ்சரைக் குறைத்து ஓட்டலாம். 8 ஜிபி இப்போதைக்கு ஓடும், ஆனால் புதிதாகக் காசு கொடுத்து வாங்கும்போது யோசிக்க வேண்டிய அளவு. எடிட்டிங், பிளெண்டர், வீட்டுக் கணினியில் ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது போன்றவற்றுக்கு 12, 16 என்று எவ்வளவு இருந்தாலும் பயன்படும்.

இடம். கேபினட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்து முன்பக்கம் வரை ஸ்கேல் வைத்து அளந்து கொள்ளுங்கள். அலுவலகத்திலிருந்து கழித்து விற்கப்படும் ஒல்லியான டெஸ்க்டாப்களில் சாதாரண உயரமுள்ள கார்டு நுழையவே நுழையாது. அவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் 200 முதல் 260 வாட்டுக்குள், அந்த மாடலுக்கென்றே செய்த வடிவத்தில் இருக்கும், மாற்றுவதும் சிரமம்.

## வழி 1: கார்டே வாங்காமல் சரிசெய்து பார்ப்பது

எப்போதும் முதலில் இதைச் சொல்வேன். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் மாதிரி கேம்கள் கார்டைவிட பிராசசரையும் ரேமையும்தான் அதிகம் நம்பியிருக்கின்றன.

மதர்போர்டில் ஒரே ஒரு 8 ஜிபி ரேம் குச்சி மட்டும் இருந்தால், இன்னொரு 8 ஜிபி சேர்த்து டூயல் சேனலாக்குங்கள். பிராசசருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமையேதான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு குச்சி என்றால் பாதை இரட்டிப்பாகும். ரைசன் 5 5600ஜி மாதிரி பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே வேறு கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும். கூடவே பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்கில்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் வசதி, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 3200 என்று எழுதிய ரேம் 2133 வேகத்திலோ 2400 வேகத்திலோ ஓடிக்கொண்டிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே கார்டு இருந்து, அது சூடாகி வேகம் குறைகிறது என்றால் தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டுத்தான் கார்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: ரேம் விலை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. பழைய டிடிஆர்4 குச்சி யாரிடமாவது சும்மா கிடந்தால் கேட்டு வாங்குங்கள்.

## வழி 2: தனி ஒயர் தேவைப்படாத சின்ன கார்டு

ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடும் கார்டுகள் இவை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாதவர்களுக்கும் ஒல்லியான அலுவலக டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதுதான் ஒரே வழி.

இதில் இன்று வாங்கத் தகுந்தது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை. 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட். டிஎல்எஸ்எஸ் (சின்னப் படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் வசதி) உண்டு, ஏவி1 என்ற புதுவகை வீடியோவைத் தானே விரித்துக் காட்டும், எடிட்டிங்கில் எக்ஸ்போர்ட் செய்ய என்விடியாவின் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் சிப் பகுதி) உண்டு. உயரம் குறைந்த வகையும் கிடைக்கிறது. 1080பியில் நடுத்தர செட்டிங்கில் ஆடலாம்.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரிலேயே 2022இல் வந்த 8 ஜிபி கார்டு வேறு. அதில் கோர்களும் அதிகம், மெமரிப் பாதையும் அகலம், 130 வாட் எடுக்கும், தனி ஒயர் வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 2 ஜிபி என்று நினைத்து விடாதீர்கள். பெட்டியில் எத்தனை ஜிபி என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

2019இன் ஜிடிஎக்ஸ் 1650 இன்னும் கடைகளில் புதிதாகவே வைத்திருக்கிறார்கள். 4 ஜிபி, டிஎல்எஸ்எஸ் கிடையாது. விலை 3050ஐ நெருங்கினால் அதைத் தொடவே வேண்டாம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 இன்னும் மோசம்: 4 ஜிபி மெமரி, வீடியோ என்கோடர் இல்லை, நான்கு லேன் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதை) மட்டும். உங்கள் மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0 தலைமுறை என்றால் (இன்டெல்லில் 10ஆம் தலைமுறை வரை அதுதான்) அந்த நான்கு லேனும் பாதி வேகத்தில் ஓடும். ஸ்லாட்டில் பதினாறு லேன் இருந்தாலும் கார்டில் நான்குதான் என்பதால் ஒன்றும் செய்ய முடியாது.

மறைந்திருக்கும் செலவு குறைவு. ஆனால் கொடுக்கும் ரூபாய்க்குக் கிடைக்கும் வேகமும் குறைவுதான். அதே காசுக்கு இரண்டு மடங்கு வேகமான பழைய கார்டு கிடைக்கலாம். இங்கே காசு கொடுப்பது வேறு எதையும் மாற்றாமல் தப்பிப்பதற்காக.

## வழி 3: பழைய கார்டு

அதிகம் சேமிக்கக்கூடிய வழியும் இதுதான், அதிகம் ஏமாறக்கூடிய வழியும் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டுகளை வைத்து அந்த நாணயத்தை ஈட்டும் ‘மைனிங்’ வேலை அன்றோடு முடிந்தது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன, இங்கும் வந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே கெட்டுப்போனது என்று சொல்ல மாட்டேன். ஒரே சூட்டில் சீராக ஓடியிருந்தால் சிப்புக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. தேய்ந்திருப்பது ஃபேன், காய்ந்திருப்பது தெர்மல் பேட். அந்த இரண்டையும் மாற்றும் செலவை விலையில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இன்றைக்கு எதைப் பழையதில் தேடலாம்?

ஆர்எக்ஸ் 6600 என் முதல் தேர்வு. 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் ஒயர். 1080பியில் ஏறக்குறைய எல்லா கேமையும் உயர்ந்த செட்டிங்கில் ஓட்டும். எட்டு லேன் மட்டும் என்பதால் பழைய மதர்போர்டில் கொஞ்சம் இழப்பு உண்டு, ஆனால் ஆடும்போது தெரியாத அளவுதான்.

பிளெண்டர், எடிட்டிங், ஏஐ என்று வேலை இருந்தால் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. 170 வாட், பதினாறு லேன். இதிலும் பெயர்ச் சிக்கல்தான்: 3060 8 ஜிபி என்று ஒன்று உண்டு, அதன் மெமரிப் பாதை 192 பிட்டுக்குப் பதில் 128 பிட். கேட்டு வாங்குங்கள்.

ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி, 125 வாட். பத்தாயிரத்துக்குள் வந்தால் இன்னும் நல்ல கார்டு.

ஜிடிஎக்ஸ் 1060, 1070 போன்றவற்றை இனி பரிந்துரைக்க மாட்டேன். 2016இல் வந்த அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தாராளமாக ஓட்டுங்கள், காசு கொடுத்து இப்போது வாங்க வேண்டாம்.

ஆர்எக்ஸ் 580 பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், ஏனென்றால் அதுதான் மலிவு. மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ‘2048எஸ்பி’ என்று பெயரோடு வருவது உண்மையில் ஆர்எக்ஸ் 570. அசல் 580இல் 2304 ஸ்ட்ரீம் பிராசசர்கள் (கார்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன கோர்கள்). இரண்டு, பிளெண்டரில் படத்தை ரெண்டர் செய்யும் சைக்கிள்ஸ் என்ற பகுதி இந்தக் கார்டை ஏற்காது, ரெண்டர் பிராசசரில்தான் ஓடும். மூன்றாவது மின்சாரம். இது 185 வாட், 3050 6 ஜிபி 70 வாட், வேகத்தில் இரண்டும் அருகருகேதான். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஆடினால், இரண்டு மாத பில்லில் 580க்கு 33 யூனிட், 3050க்கு 13 யூனிட். மூன்று வருடத்தில் வித்தியாசம் 370 யூனிட்டைத் தாண்டுகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் சுமார் 3,000 ரூபாய். மலிவாகக் கிடைத்தது என்று நினைத்ததில் ஒரு பகுதி மின் கட்டணமாகத் திரும்பிப் போகிறது. உங்கள் வீட்டு மீட்டர் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி நின்றால், அதைத் தாண்டும்போது வரும் கட்டண ஏற்றத்தையும் கணக்கில் வையுங்கள்.

பழைய கார்டை நேரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, தனி ஆளிடம் வாங்கினாலும் சரி, இவற்றைச் செய்யுங்கள்:

- ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை பென்டிரைவில் கொண்டு போங்கள். பயாஸை மாற்றி, பத்து வருடப் பழைய சிப்புக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் வைத்து விற்பது நடக்கிறது. போலியான என்விடியா கார்டு என்றால் அந்த மென்பொருள் கார்டின் பெயருக்கு முன்னாலேயே ‘FAKE’ என்று காட்டிக்கொடுக்கும்.
- ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் புள்ளி, கோடு, நிறச் சிதறல் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சாதாரண வெப்பநிலையோடு ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டுக்கும் 25, 30 டிகிரி வித்தியாசம் இருந்தால் பேஸ்ட் காய்ந்துவிட்டது.
- ஃபேன் வேகம் ஏறும்போது சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.
- எல்லா டிஸ்ப்ளே போர்ட்டிலும் ஒயரைச் செருகிப் பாருங்கள்.
- ஸ்க்ரூக்களின் மேல் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பேஸ்ட் மாற்றத் திறந்திருந்தால் நல்லது, சால்டர் செய்யத் திறந்திருந்தால் ஆபத்து. எதற்கு என்று கேளுங்கள்.

பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். கார்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருட வாரன்டி. சில நிறுவனங்கள் சீரியல் எண்ணை மட்டும் பார்க்கின்றன, சில பில்லும் கேட்கின்றன. ஆறு மாத வாரன்டி மிச்சம் இருந்தால்கூட அதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

## வழி 4: புதிய நடுத்தர கார்டு

பிராசசர் ஓரளவு நன்றாக இருந்து, அதாவது 10ஆம் தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5 3600 அளவில் இருந்து, நான்கைந்து வருடம் கவலை இல்லாமல் ஓட வேண்டும் என்றால் இது சரியான வழி. போட்டி மூன்று கார்டுகளுக்குள்.

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. 2025 ஜூனில் வந்தது. 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகை. அமெரிக்காவில் அறிமுக விலை 299, 349 டாலர், வித்தியாசம் 50 டாலர். 8 ஜிபி வகையை வாங்காதீர்கள். இங்கே மிச்சம் பிடிக்கும் காசுதான் இரண்டு வருடத்தில் உங்களை மறுபடி கடைக்கு அனுப்பும். பதினாறு லேன் இருப்பதால் பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் போடுபவர்களுக்கு இது கூடுதல் பலம்.

ஆர்டிஎக்ஸ் 5060. 2025 மே, 8 ஜிபி, 145 வாட். டிஎல்எஸ்எஸ் படத் தரம் அருமை, பிளெண்டரில் வேகம், எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாம் சிக்கல் இல்லாமல் ஏற்கும். ஆனால் 8 ஜிபி, எட்டு லேன். மெமரி நிரம்பி வழியும்போது கார்டு ரேமிடம் கடன் கேட்கும், அந்தக் கடன் ஸ்லாட் வழியாகத்தான் வர வேண்டும். பிசிஐஇ 5.0க்குச் செய்த எட்டு லேன் 3.0 மதர்போர்டில் கால்வாசி வேகத்தில் ஓடும்போது, அந்த இடத்தில் கேம் தடுக்கி விழும். விளம்பரத்தில் வரும் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் எண்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இடையில் சேர்க்கும் அந்த ஃப்ரேம்களுக்கும் விரேம் வேண்டும், அவை கை அசைவுக்கும் திரைக்கும் உள்ள தாமதத்தைக் குறைப்பதில்லை.

இன்டெல் ஆர்க் பி580. 2024 டிசம்பர், 12 ஜிபி, 190 வாட், அறிமுக விலை 249 டாலர். காகிதத்தில் பார்த்தால் இதுதான் சிறந்த பேரம். ஆனால் பழைய பிராசசருக்கு இதை வாங்க வேண்டாம். ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகும்) வசதி கட்டாயம், அதற்குக் குறைந்தது இன்டெல் 10ஆம் தலைமுறை அல்லது ரைசன் 3000 வேண்டும். அது இருந்தாலும் இதன் டிரைவர் பிராசசருக்கு அதிக வேலை வைக்கிறது. புதிய பிராசசரோடு சோதித்தபோது வந்த எண்கள் பழைய பிராசசர்களில் வரவில்லை என்பது 2025 தொடக்கத்திலேயே வெளிவந்துவிட்டது. நன்றாக இருக்கும் கார்டு, தவறான கணினியில் வீணாகும்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நாலாயிரம் ஐயாயிரம். காற்றோட்டம் இல்லாத கேபினட் என்றால் ஃபேன். மதர்போர்டு பழைய லெகசி பயாஸ் முறையில் விண்டோஸை ஓட்டிக்கொண்டிருந்தால், யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்றாமல் புதுக் கார்டில் திரையே வராமல் போகலாம். அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று, யூபிஎஸ். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்டுக்குத்தான். மானிட்டர், பிராசசர், 150 வாட் கார்டு எல்லாம் சேர்ந்து கேம் நடுவில் கரண்ட் போனால், தாங்காமல் பீப் அடித்து அணைந்துவிடும்.

## வழி 5: எல்லாவற்றையும் விற்றுவிட்டு புதிது

பிராசசர் 7ஆம் தலைமுறை அல்லது அதற்கு முந்தையது என்றால் இதை யோசிக்க ஒரு வலுவான காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக 8ஆம் தலைமுறை இன்டெல், ரைசன் 2000 தொடங்கித்தான். வேலரன்ட் மாதிரி சில கேம்கள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கின்றன. முப்பதாயிரம் ரூபாய்க் கார்டை அப்படிப்பட்ட மதர்போர்டில் போடுவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

ஆனால் ரேம் விலை ஏறி நிற்கும் நேரத்தில் புதிய டிடிஆர்5 கணினி கட்டுவது வலிக்கும். நடுவில் ஒரு பாதை உண்டு: ரைசனின் பி450 போன்ற மதர்போர்டு வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்து பழைய ரைசன் 5 5600 ஒன்றை மட்டும் மாற்றலாம். ரேம், மதர்போர்டு அப்படியே இருக்கும். இந்த அளவுக்கு நீளும் வசதி இன்டெல்காரர்களுக்கு இல்லை. 6, 7ஆம் தலைமுறை மதர்போர்டில் 8ஆம் தலைமுறை பிராசசர் வேலை செய்யாது, சாக்கெட் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

விலைகள் ஏறக்குறையதான், டாலரைப் பொறுத்தும் சரக்கு வரத்தைப் பொறுத்தும் மாதாமாதம் நகரும்.

| வழி | கார்டுக்கு (ரூபாய்) | எஸ்எம்பிஎஸ் | மறைந்திருக்கும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| 1. கார்டு இல்லாமல் | 0 | அதே போதும் | ரேம் விலை | லேசான கேம், 5600ஜி மாதிரி பிராசசர் |
| 2. 75 வாட்டுக்குள் | 15,000–20,000 | அதே போதும் | வேகம் குறைவு | ஒல்லியான கேபினட், மாற்ற முடியாத எஸ்எம்பிஎஸ் |
| 3. பழைய கார்டு | 6,000–18,000 | பெரும்பாலும் மாற்ற வேண்டும் | ஃபேன், பேஸ்ட், வாரன்டி இல்லாமை | நேரில் சோதிக்கத் தெரிந்தவர் |
| 4. புதிய நடுத்தரம் | 25,000–40,000 | மாற்ற வேண்டும் | யூபிஎஸ், கேபினட், பயாஸ் | 10ஆம் தலைமுறை ஐ5, ரைசன் 3600 அல்லது அதற்கு மேல் |
| 5. புதுக் கணினி | மொத்தம் 50,000க்கு மேல் | புதிது | ரேம் விலை | 7ஆம் தலைமுறை அல்லது அதற்குக் கீழ் |

## அந்த இருபதாயிரம்

கடைசியாகக் கேட்டவர் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர். 9ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், சாதாரண உயரக் கேபினட், பெயர் தெரியாத 450 வாட் எஸ்எம்பிஎஸ். அவருக்கு நான் சொன்னது: நாலாயிரத்து ஐந்நூறுக்கு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ், மீதியில் சோதித்துப் பார்த்து வாங்கிய பழைய ஆர்எக்ஸ் 6600. மூன்று வருடம் கழித்து பிராசசரை மாற்றினாலும் அந்த எஸ்எம்பிஎஸ் கூடவே வரும். அதே காசுக்குப் புதிய 3050 வாங்கியிருந்தால் வாரன்டி இருந்திருக்கும், ஆனால் வேகம் நன்றாகவே குறைந்திருக்கும். நேரில் சோதித்துப் பார்க்கக் கூட வர ஆள் இல்லை என்றாலோ, பிளெண்டர் வேலை முக்கியம் என்றாலோ, 3050ஐத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். பிளெண்டர் 6600இலும் ஓடும், ஆனால் என்விடியாவில் அதைவிட வேகம், சிக்கலும் குறைவு.

ஒல்லியான அலுவலக டெஸ்க்டாப் என்றால் யோசிக்கவே வேண்டாம், உயரம் குறைந்த 3050 6 ஜிபி. கையில் நாற்பதாயிரம், பிராசசரும் நன்றாக இருக்கிறது என்றால் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. எடிட்டிங்கும் ரெண்டரும்தான் சாப்பாடு போடும் தொழில் என்றால் என்விடியா பக்கம் போங்கள், 5060இன் 8 ஜிபியைவிடப் பழைய 3060 12 ஜிபி உங்களுக்கு அதிகம் உதவும் இடங்கள் உண்டு.

கார்டு கைக்கு வந்ததும்: பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருள் கொண்டு சுத்தமாக நீக்குங்கள். எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்துவிட்டுக் கார்டைச் செருகுங்கள், ‘கிளிக்’ என்று பூட்டு விழ வேண்டும். 8 பின் ஒயரை முழுக்க உள்ளே தள்ளுங்கள். மானிட்டர் ஒயரை மதர்போர்டின் பின்னால் செருகாமல் கார்டின் பின்னால் செருகுங்கள். “புதுக் கார்டு போட்டும் வேகம் ஏறவில்லை” என்று வந்த புகார்களில் பாதி இந்த ஒரு ஒயர்தான். பயாஸில் ரீசைசபிள் பார் இருந்தால் ஆன் செய்யுங்கள். முதல் வாரம் நன்றாகச் சூடேற ஓட்டிப் பாருங்கள், கோளாறு இருந்தால் கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள் தெரிந்துவிடும். பெட்டியையும் பில்லையும் பீரோவில் வையுங்கள், பில்லை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும்.